வன்னிக் கடலில் சுழியோடல்: பவளப்பார் தேடுவதா, மணற்சரிவில் இறங்குவதா?

அலம்பில் கரையான்
மாசி 11, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். என் ஊர் முல்லைத்தீவுக் கரையிலுள்ள அலம்பில். சென்ற ஆவணியில் திருகோணமலையில் சுழியோடல் பயிற்சி முடித்து, 18 மீற்றர் வரை இறங்குவதற்கான முதல்நிலைச் சான்றிதழ் எடுத்தேன். அங்கே புறாமலைத் தீவருகே ஆறு முறை இறங்கினேன். மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், அதன் இடுக்குகளில் நீலமும் மஞ்சளுமாகக் குஞ்சு மீன்கள், ஒருமுறை காலுக்குக் கீழே நீந்திப் போன ஆமை. அன்றிரவு உறக்கமே வரவில்லை.

திரும்பி வந்ததிலிருந்து ஒரே நினைவு. நான் பிறந்த கரைக்கு நேரே இறங்கினால் என்ன தெரியும்? அப்பா முப்பது ஆண்டு இந்தக் கடலில் வலை போட்டவர். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் அலை எழும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் அடியில் கிடப்பதை அவரும் கண்டதில்லை. பயிற்சி தந்தவரிடம் கேட்டேன். "உங்கள் பக்கம் வெறும் மணல்தானே, இறங்கி எதைப் பார்ப்பது?" என்றார். அந்தச் சொல் மனதில் கிடந்து உறுத்துகிறது.

முல்லைத்தீவுப் பக்கமோ மன்னார்ப் பெருநிலப் பக்கமோ இறங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பவளம் எங்கே இருக்கிறது? மணல்தான் என்றால் அதில் இறங்கிப் பயனுண்டா?


வங்காலைச் சுழியோடி
மாசி 12, காலை 5.45

தம்பி, நான் பத்தொன்பது வயதில் சங்குக்கு இறங்கத் தொடங்கி நாற்பத்து நான்கில் நிறுத்தினேன். கடலடியில் மேடாகக் கிடக்கும் கல்லையும் பவளத்தையும் நாங்கள் பார் என்போம். முத்துச்சிப்பி பிடித்ததும் பாரில்தான். சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைக்கு வெளியே கிடக்கும் செவல் பார், மோதரகம் பார், பெரிய பார் ஆகியவற்றின் பெயர்கள் வெள்ளைக்காரரின் அறிக்கைகளிலும் அப்படியே ஏறியிருக்கின்றன. அரிப்பில் இடிந்து நிற்கும் மாளிகை, முதல் ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பின்போது தங்குவதற்கென்று கட்டியது.

மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை இங்கே கடல் படுத்திருக்கும். முத்துக்குளிப்பும் அந்தக் காலத்தில்தான். ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் வரை ஒரே மூச்சில் இறங்குவார்கள். ஒரு பாகம் என்பது உங்கள் கணக்கில் 1.8 மீற்றர். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்தால் கல் கொண்டுபோய்ச் சேர்க்கும். சுறா வாய் திறக்காமல் மந்திரம் சொல்லிக் கட்டுவதற்குக் கடற்கட்டி என்று ஒருவர் இருப்பார். அவர் வராமல் இறங்க மாட்டோம் என்று சுழியோடிகள் நின்றதால், அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் பவளம் உண்டு. போவதற்குப் படகு வேண்டும். ஆனால் பாரைச் சுற்றிக் கிடப்பதெல்லாம் மணல்தான். சங்கு மணலில்தான் ஊரும். வெள்ளை அட்டை என்னும் கடலட்டை மணலில்தான் புதையும். என் வீட்டு அடுப்பு இருபத்தைந்து ஆண்டு எரிந்தது அந்த மணலால். அங்கே பார்க்க எதுவும் இல்லை என்று சொன்னவர் ஒருநாளும் நின்று பார்க்கவில்லை.


நந்திக்கடல் மகள்
மாசி 12, பகல் 1.10

ஐயாவின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். நான் விலங்கியல் படித்தவள். பவளப்பார்க் கணக்கெடுப்புகளுக்கு உதவியாளராக இறங்கியிருக்கிறேன்.

பாரும் மணலும் இரண்டு வேறு இடங்கள் என்று நினைப்பதிலேயே பிழை தொடங்குகிறது. பாரின் ஓரத்தில் சரிந்து இறங்கும் வெள்ளை மணலை அள்ளிப் பாருங்கள். சிப்பித் துண்டும் பவளத் துணுக்கும்தான் கையில் வரும். அதில் ஒரு பங்கு கிளிமீனின் வயிற்றுக்குள் போய் வந்தது. கிளியின் அலகு போன்ற பல்லால் அது கல்லைச் சுரண்டி, படிந்திருக்கும் பாசியைத் தின்று, கல்லை அரைத்து மணலாகக் கழிக்கிறது. பெரிய கிளிமீன் ஒன்று ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ மணல் கழிப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நீருக்குள் அசையாமல் நின்றால் அது கல்லைக் கடிக்கும் சத்தம் நன்றாகக் கேட்கும்.

அலம்பில் மணல் வேறு பிறப்பு. அது உள்நாட்டுப் பாறைகள் தேய்ந்து ஆறுகளோடு வந்தது. கரையில் அலை இழுத்துவிட்டுப் போகும் கறுப்புக் கோடு இல்மனைட் என்னும் கனிமம். புல்மோட்டையில் தோண்டி எடுப்பதும் அதையும், அதனோடு கலந்த ரூட்டைலையும் சிர்க்கோனையும்தான்.

இனி அந்த மணலில் வாழ்பவர்கள். என்னை இந்தத் துறைக்கு இழுத்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். மணலில் பெருவிரல் அளவு ஒரு துளை. வாசலில் உளுவை இனத்துச் சிறு மீன் ஒன்று தலையை வெளிப்புறம் வைத்து நிற்கும். உள்ளேயிருந்து ஓர் இறால் மணலை முன்னால் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுத் திரும்பும். மறுபடி வரும். நாள் முழுவதும் அதே வேலை. அதற்குக் கண்பார்வை மிகக் குறைவு. வெளியே வரும்போதெல்லாம் அதன் மீசை மீனின் உடலைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை அசைக்கும், இறால் மறைந்துவிடும். இன்னும் நெருங்கினால் மீனும் உள்ளே போய்விடும். வளை தோண்டுவது இறாலின் பொறுப்பு, காவல் மீனின் பொறுப்பு, குடியிருப்பது இருவரும்.

இதைப் பார்க்க இரண்டு மீற்றர் தள்ளி, வயிறு மணலில் படாமல், ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். காலை அடித்துக்கொண்டு கடந்து போகிறவருக்கு அது வெறும் மணல்தான்.


சாளைப் படகு
மாசி 12, இரவு 8.05

அழகு பார்க்க இறங்குகிறவர்களுக்கு இதெல்லாம் சரி. எங்களுக்கு மணல் என்றால் கடலட்டை, கடலட்டை என்றால் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. ஆழமில்லாத இடத்தில் அட்டை குறைந்துவிட்டது. என் மைத்துனன் 30 மீற்றரில் நாளுக்கு நான்கு சிலிண்டர் இறங்குகிறான். ஐந்து ஆண்டாக எதுவும் ஆகவில்லை. 18 மீற்றர் என்ற எல்லை சுற்றுலா வருகிறவர்களுக்கானது. பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவனுக்கு உடம்பு பழகிவிடும்.


வங்காலைச் சுழியோடி
மாசி 12, இரவு 8.50

இல்லை ராசா. பழகாது.

என் தம்பியும் இப்படித்தான் சொன்னான். பதினெட்டுப் பாகம், அன்றைய நான்காவது சிலிண்டர். மேலே வந்து படகில் ஏறி, சிரித்தபடி தேநீர் வாங்கிக் குடித்தான். கால் மணி நேரம் கழித்துக் கால் மரத்திருக்கிறது என்றான். களைப்பு என்று நினைத்தோம். தோளில் எண்ணெய் தேய்த்தோம். கரைக்கு வந்தபோது எழுந்து நிற்க முடியவில்லை, சிறுநீர் போகவில்லை. திரும்ப இறக்கினால் சரியாகிவிடும் என்று படகுக்காரர் சொன்னார். மீண்டும் இறக்கினோம். அந்தப் பிழையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் கழித்துத்தான் உரிய இடத்துக்குப் போனோம். இருபத்தெட்டு வயதில் சக்கர நாற்காலி. இப்போது அவனுக்கு ஐம்பது.

உங்கள் மைத்துனனிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.


மாங்குளம் வைத்தியர்
மாசி 12, இரவு 11.30

ஐயா, எழுதியதற்கு நன்றி. இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தவன் பயந்து அல்ல, விளங்கிக் கவனமாக இருப்பான்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே ஒன்று, 10 மீற்றரில் இரண்டு, 30 மீற்றரில் நான்கு. சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் நுரையீரலுக்குள் வருகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். உடம்பு அதைப் பயன்படுத்துவதில்லை. அழுத்தம் கூடக் கூட அது இரத்தத்திலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் கரைந்த வழியே நுரையீரலால் வெளியேறும். வேகமாக வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போல, உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். மூட்டில் குமிழி வந்தால் வலி. முள்ளந்தண்டு வடத்தில் வந்தால் கால் போகும்.

இனிக் கணக்கு. 12 லீற்றர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைத்தால் 2,400 லீற்றர். நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு அது மேலே இரண்டு மணி நேரம் வரும். 30 மீற்றரில் நான்கு மடங்கு செலவாவதால் அரை மணி நேரம்தான். ஆனால் பொழுதுபோக்குச் சுழியோடிகள் பரவலாகப் பயன்படுத்தும் அட்டவணை ஒன்றில் 30 மீற்றரில் தங்கக்கூடிய எல்லை 20 நிமிடம். 18 மீற்றருக்கு 56 நிமிடம். அதாவது 30 மீற்றரில் காற்று தீரும்வரை கிடப்பவன் முதல் சிலிண்டரிலேயே எல்லையைத் தாண்டிவிட்டான். முதல் இறக்கத்தில் கரைந்தது வெளியேறி முடியுமுன் இரண்டாவது ஏறுகிறது, அதன்மேல் மூன்றாவது, நான்காவது. ஐந்து ஆண்டு தப்பியது உடம்பு பழகியதால் அல்ல.

நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் வேகமாக ஏறக் கூடாது. 5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். எந்த நிலையிலும் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறவே கூடாது. 10 மீற்றரில் நிரப்பிய நுரையீரல் மேலே வரும்போது இரண்டு மடங்கு விரியப் பார்க்கும், கிழிந்துவிடும். சளி, தடிமன் இருந்தால் இறங்காதீர்கள், காது அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாது.

வலியோ மரப்போ வந்தால் படுக்கவைத்துத் தூய ஒட்சிசன் கொடுத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். "கடலில் இறங்கியவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உடம்பை மறுபடி அழுத்தத்தில் வைத்து மெல்ல மெல்லக் குறைக்கும் அழுத்த அறை திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. அந்த அறைக்குள் செய்வதைக் கடலுக்குள் செய்ய முயலாதீர்கள்.

இன்னொன்று. சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் இயந்திரத்தின் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அந்தப் புகையில் உள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. அது சிலிண்டருக்குள் போனால் அடியில் மயக்கம் வரும்.


கனகராயன்குளத்தான்
மாசி 13, காலை 7.00

நான் வயற்காரன். கடலைக் கண்டதே ஐந்தாறு முறைதான், குளத்தில் மட்டும் நீந்தியவன். வயது 46. இதையெல்லாம் வாசிக்க வாசிக்க இறங்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. முடியுமா?


மாங்குளம் வைத்தியர்
மாசி 13, காலை 7.40

முடியும் அண்ணா. முதலில் இதயம், நுரையீரல், காது மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இழுப்பு நோய் இருந்தால் மறைக்காதீர்கள். குளத்தில் நீந்தியவர் கலங்கல் தண்ணீருக்குப் பயப்பட மாட்டார், அது பாதி பயிற்சி.


சாளைப் படகு
மாசி 14, இரவு 9.15

வைத்தியர் ஐயா, மைத்துனனுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் கோபப்பட்டான். பிறகு மனைவியை உள்ளே போகச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னான். ஆறு மாதமாக இறங்கிய இரவுகளில் இடது தோள் குடைகிறதாம், சில நாள் விரல்கள் மரக்கிறதாம். விடிந்தால் குறைந்துவிடுவதால் யாருக்கும் சொல்லவில்லை.


மாங்குளம் வைத்தியர்
மாசி 14, இரவு 9.22

நாளைக் காலை அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நாளை அவர் கடலுக்குப் போகக் கூடாது. தனிமடல் அனுப்பியிருக்கிறேன்.


நந்திக்கடல் மகள்
மாசி 15, மாலை 4.30

ஆழமில்லாத இடத்தில் அட்டை குறைந்துவிட்டது என்று சாளை அண்ணா எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆட்களை 30 மீற்றருக்குத் தள்ளுவது அந்தக் குறைவுதான். கடலட்டை மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவைச் செரித்து, சுத்தமான மணலாகத் திருப்பிக் கொடுக்கிறது. அதை ஒட்ட எடுத்துவிட்டால் அடிமணல் கெடும். அதோடு இழுவைமடி, படகு கடலடியோடு இழுத்துப் போகும் வலை. கதவுப் பலகையும் சங்கிலியும் அடியை உழுதுகொண்டு போனால் உளுவையின் வளை, சங்கின் முட்டைக் கொத்து, கடற்புல் எல்லாம் ஒரே இழுப்பில் போய்விடும். இலங்கையில் 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இழுவைமடியைத் தடைசெய்தது. மடி இன்னும் வருகிறது என்பது இந்தக் கரையில் வலை இழந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பவளம் உடைந்தால் ஊர் கூடிப் பேசுகிறது. மணல் கிழிந்தால், மணல்தானே என்கிறார்கள். அலம்பில் தம்பியை உறுத்திய அந்தச் சொல் எனக்கும் அதனால்தான் கோபம் தருகிறது.

பவளத்தின் நிலையையும் மறைக்க வேண்டாம். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி, சில வாரம் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளிறும். 1998இல் தெற்கு, மேற்குக் கரைகளின் ஆழமற்ற பவளங்கள் பெருமளவு இறந்தன. திருகோணமலைப் பக்கம் அப்போது தப்பியது. பிறகு 2016. உலகளாவிய நான்காவது வெளிறல் 2024 சித்திரையில் அறிவிக்கப்பட்டது. ஆகவே தம்பி, சிலாவத்துறையில் புறாமலையை எதிர்பார்க்காதீர்கள். செத்த கல்லில் புதிதாக முளைத்திருப்பதைத் தேடுங்கள்.


வங்காலைச் சுழியோடி
மாசி 15, இரவு 7.10

தம்பி, சித்திரை முதல் வாரம் வாருங்கள். வடகிழக்கு வாடை முழுதாக விழுந்திருக்கும், தென்மேற்குச் சோளகம் எழுந்திருக்காது, அருவியாற்றுக் கலங்கலும் அடங்கியிருக்கும். எட்டுப் பாகத்தில் ஒரு பார் தெரியும். நான் படகில் இருப்பேன், இறங்க மாட்டேன். உங்களோடு இறங்க இன்னொருவர் வேண்டும், தனியாக இறக்க மாட்டேன். அலம்பில் பக்கம் சித்திரைக்குப் பிறகு தெளிவு வரும். அங்கே சோளகம் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று என்பதை மட்டும் மறக்க வேண்டாம், களைத்தவனை வெளியே கொண்டுபோய்விடும். இரண்டு கடலிலும் அடியில் இரும்பு எதைக் கண்டாலும் தொடாதீர்கள். போர் நடந்த கடல். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று பார்த்துச் சொல்ல முடியாது.


அலம்பில் கரையான்
சித்திரை 6, இரவு 10.05

சிலாவத்துறையிலிருந்து எழுதுகிறேன். கை இன்னும் உப்பாக இருக்கிறது.

காலை ஆறு மணிக்குக் கடற்படைச் சாவடியில் பெயர் பதிந்துவிட்டுப் புறப்பட்டோம். என்னோடு இறங்கியவர் திருகோணமலையில் கூடப் படித்த நண்பர். ஐயா நேரே கிழக்கே கரையில் ஒரு மரத்தையும் கோபுரத்தையும் ஒன்றுக்கொன்று பிடித்துப் பார்த்து, "போடு நங்கூரம், மணலில் போடு, பாரில் படக் கூடாது" என்றார். கருவி எதுவும் இல்லை. இறங்கினால் 14 மீற்றர், பாரின் ஓரம் சரியாகக் காலடியில்.

பவளத்தில் பாதிக்கு மேல் செத்த கல், சாம்பல் நிறப் பாசி. அக்கா சொன்னபடி கிட்டப் போய்ப் பார்த்தேன். செத்த கல்லின் விளிம்பில் உள்ளங்கை அளவில் இளம்பவளங்கள் ஏழு எண்ணினேன். ஒரு குகைக்குள் கலவாய் மீன் ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. சிவப்பு நிறம் அந்த ஆழத்தில் தெரியவில்லை. விளக்கை அடித்ததும் சாம்பலாகக் கிடந்த கல் முழுவதும் செந்நிறமாக எழும்பியது.

பிறகு மணலுக்குத் திரும்பினோம். முதல் சில நிமிடங்கள் உண்மையிலேயே எதுவும் தெரியவில்லை. அசையாமல் நின்றேன். மணலில் இரண்டு கண்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி மெல்ல ஒரு திருக்கையின் விளிம்பு தெளிந்தது. அதற்கு அப்பால் உளுவை. அதன் பின்னால் இறால், வெளியே வந்து, கொட்டி, திரும்பி. பதினொரு தடவை எண்ணினேன். நண்பர் கையைத் தட்டிக் காற்றுமானியைக் காட்டாவிட்டால் அங்கேயே இருந்திருப்பேன்.

திரும்பும் வழியில் மணலில் நேர்கோட்டில் ஒரு பள்ளம். ஒரு முழ அகலம், இரு பக்கமும் கண் எட்டும் வரை. அதற்குள் துளை இல்லை, தடம் இல்லை, எதுவும் இல்லை. அதன் ஓரத்தில் மணலில் நட்டது போல ஆட்டுக்கொம்பு வடிவில் முறுக்கிய ஒன்று, ஒரு சாண் நீளம், தட்டுத் தட்டாக அடுக்கியது. தொடாமல் படம் எடுத்தேன்.

5 மீற்றரில் மூன்று நிமிடம் நின்று ஏறினோம். ஐயா பவளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. படத்தைக் காட்டியதும் கையில் வாங்கி நீண்ட நேரம் பார்த்தார். "சங்குப்பூ" என்றார். "சங்கு முட்டையிட்டது. நான் விட்ட பிறகு முதல்முறை பார்க்கிறேன்." தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று அந்தப் படத்தைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னார்.


சாளைப் படகு
சித்திரை 6, இரவு 10.40

மைத்துனனும் படத்தைப் பார்த்தான். அவன் இப்போது இறங்குவதில்லை. படகு ஓட்டுகிறான்.


நந்திக்கடல் மகள்
சித்திரை 6, இரவு 11.15

அறை அறையாக இருப்பவை முட்டை உறைகள். மேலுள்ள சில உறைகள் திறந்திருப்பதுபோலத் தெரிகிறது. அப்படியானால் குஞ்சுகள் வெளியேறத் தொடங்கிவிட்டன. ஆழமும் நீரின் வெப்பநிலையும் குறித்தீர்களா? பள்ளத்திலிருந்து எவ்வளவு தூரம்?


அலம்பில் கரையான்
சித்திரை 6, இரவு 11.30

ஆழம் 13 மீற்றர், வெப்பநிலை 30 பாகை. பள்ளத்தின் விளிம்பிலிருந்து என் கையால் இரண்டு முழம். ஆனியில் அலம்பிலில் இறங்கும்போது சிலேட்டும் அளவு நாடாவும் கொண்டுபோகிறேன் அக்கா. அப்பா படகு தருவதாகச் சொல்லிவிட்டார்.